கெஜட்டை முதலில் படிப்பவருக்கே போர்டு ரூமில் இடம்

2025 அக்டோபர் 31 முதல் டிசம்பர் 1 வரையிலான ஒரு மாதத்தைக் காலண்டரில் வட்டமிட்டுப் பாருங்கள். அக்டோபர் 31-ல், கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வக்கீல்களுக்கு ரகசியப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. நவம்பர் 14-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் கெஜட்டில் வந்தன. நவம்பர் 21-ல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களை விழுங்கிக்கொண்டு நான்கு லேபர் கோடுகள் அமலுக்கு வந்தன. நவம்பர் 28-ல் ரிசர்வ் வங்கி ஆயிரக்கணக்கான பழைய சர்குலர்களை ரத்து செய்து, எல்லாவற்றையும் மாஸ்டர் டைரக்‌ஷன்களாகத் தொகுத்தது. டிசம்பர் 1-ல் ‘சிறு கம்பெனி’ என்பதன் வரம்பே மாறிவிட்டது.

அந்த ஒரு மாதத்தில் எந்த லீகல் டிபார்ட்மென்ட்டிலும் இரண்டு வகை ஆட்களைப் பார்த்திருக்கலாம். ஒருவர் ஐந்து பி.டி.எஃப்.களையும் ‘ஃபார் யுவர் இன்ஃபர்மேஷன்’ என்று ஃபார்வர்டு செய்துவிட்டு லஞ்சுக்குப் போனார். இன்னொருவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி, யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எம்.டி. மேஜையில் வைத்தார். அடுத்த ஜெனரல் கவுன்சல் யார் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து சட்டம் படித்து கார்ப்பரேட் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2004 முதல் இயங்குகிறது. ஆனால் சென்னை, பெங்களூரு கம்பெனிகளின் இன்டர்வியூ அறையில் உங்களுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர் நேஷனல் லா ஸ்கூலில் படித்தவர். ஆங்கிலத்தில் அவரோடு மோதி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்களிடம் இருப்பவை வேறு: தமிழ், குடும்பக் கம்பெனிகளின் உள்விவகாரம், வட்டித் தொழிலின் நாடி. இவற்றை விற்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

சட்ட மாற்றத்தைக் கவனித்துத் தொழிலை நகர்த்துவது செட்டிநாட்டுக்குப் புதிதும் இல்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. ரங்கூன் கிளை வேறொரு நாட்டின் சட்டத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர், 1948-ல் பர்மாவின் நில தேசியமயச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. வயலும் கடனும் அங்கேயே சிக்கிக்கொண்ட செட்டிநாட்டுக் குடும்பங்கள் ஏராளம். பள்ளத்தூர் ஏ.எம்.எம். குடும்பமோ போருக்கு முன்பே சொத்துகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்றைய முருகப்பா குழுமம் அந்த முடிவின்மேல் நிற்கிறது.

1. முதலில் உங்கள் சொந்த நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழுநேரச் சம்பளத்துக்குப் போகும் வக்கீல் பிராக்டிஸ் செய்யக் கூடாது என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 49-வது விதி. வேலையில் சேர்ந்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, என்ரோல்மென்ட்டை சஸ்பெண்ட் செய்துகொள்ளுங்கள். ஆஃபர் லெட்டர் கையில் கிடைத்த சந்தோஷத்தில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். எந்த ஒரு பின்னணிச் சோதனையிலும் முதலில் மாட்டுவது இதுதான்.

இதன் அடுத்த பக்கம் அக்டோபர் 31 தீர்ப்பில் இருக்கிறது. கட்சிக்காரருக்கும் அட்வகேட்டுக்கும் நடுவில் நடக்கும் பேச்சைக் காக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-வது பிரிவு இன்ஹவுஸ் வக்கீலுக்குக் கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கம்பெனி தன் வெளி வக்கீலோடு நடத்தும் தகவல் பரிமாற்றத்துக்கு 134-வது பிரிவின் பாதுகாப்பு உண்டு. முதலாளிக்கும் உங்களுக்கும் நடுவே நடக்கும் பேச்சுக்கு அது இல்லை.

அப்படியென்றால் உங்கள் வாட்ஸ்அப் ஒருநாள் கோர்ட்டில் வாசிக்கப்படலாம். ‘சார், இதுல நாம தப்பு பண்ணிருக்கோம்’ என்று இரவு 11 மணிக்கு டைப் செய்யாதீர்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள். வழக்காகும் வாய்ப்புள்ள விஷயத்தில் ஆரம்பத்திலேயே வெளி வக்கீலைக் கூப்பிட்டு, அபிப்பிராயத்தை அவர் எழுத்தில் வாங்குங்கள். மெயிலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘பிரிவிலெஜ்டு’ என்று தலைப்பில் போட்டுவிட்டால் மெயில் பாதுகாப்பாகிவிடும் என்று நினைக்கும் சீனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தீர்ப்பை ஒரே பக்கத்தில் எடுத்துச் சொல்பவர் நீங்களாக இருங்கள்.

2. மூலத்தைப் படியுங்கள்

லா ஃபர்ம்களின் நியூஸ்லெட்டர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. படிக்க வேண்டியது கெஜட். மத்திய அரசின் இ-கெஜட், தமிழ்நாடு அரசிதழ், ரிசர்வ் வங்கி, செபி, கம்பெனி விவகார அமைச்சகம் இந்த ஐந்து பக்கங்களையும் காலை 9 மணிக்குள் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். டிகிரியைவிட அதிகச் சம்பளம் வாங்கித் தரும் பழக்கம் இது.

படிக்கும்போது முதலில் தேட வேண்டியது அமலுக்கு வரும் தேதி. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது 2023 ஆகஸ்டில். விதிகள் 2025 நவம்பரில். அதிலும் மூன்று கட்டம்: தரவுப் பாதுகாப்பு போர்டு சம்பந்தப்பட்டவை உடனே, கன்சென்ட் மேனேஜர் பதிவு ஒரு வருடம் கழித்து, கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து. ‘சட்டம் வந்துருச்சு சார், 250 கோடி ஃபைன்’ என்று எம்.டி.யைப் பயமுறுத்தினால் ஒருமுறை அவர் நடுங்குவார். அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார். ‘2027 மே மாதம் வரை நேரம் இருக்கிறது, அதற்குள் இந்த நான்கு வேலைகள்’ என்று சொன்னால் பட்ஜெட்டே தருவார்.

அதே சட்டத்தில் உங்களுக்கென்றே ஒரு வாசல் திறந்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்கும் நோட்டீஸை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும். அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. சட்டம் தெரிந்து, சாதாரண ஆட்களுக்குப் புரிகிற தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் மார்க்கெட்டில் ரொம்பக் குறைவு.

3. ஒரு சர்குலரை ஒரு பக்கமாக்குவது எப்படி

நகைக்கடனை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் இதைப் பற்றிக் கருத்து இல்லாதவர் இல்லை. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்குப் புதிய விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் அமல்படுத்தக் கெடு. உங்கள் கம்பெனி நகைக்கடன் தரும் என்.பி.எஃப்.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட் நான்கு பகுதிதான்.

என்ன மாறியது? சொந்தச் செலவுக்கான கடனில் மொத்தம் 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. வட்டியையும் அசலையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் புல்லட் கடனில், முதிர்வில் கட்ட வேண்டிய முழுத் தொகையை வைத்தே இந்தச் சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு நோட் எழுதினால் பிராஞ்ச் மேனேஜர் அதிகக் கடன் கொடுத்துவிடுவார், பழி உங்கள் மேல் விழும்.

யாரைத் தொடும்? வங்கி, கூட்டுறவு வங்கி, என்.பி.எஃப்.சி. ஆகியவற்றை. தெருமுனை அடகுக்கடைக்கு 1943-ம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டம் தனி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

யார், என்ன செய்ய வேண்டும்? பிராஞ்ச்சில் கடன் நிபந்தனைகள் அந்தப் பகுதியின் மொழியிலோ, கடன் வாங்குபவர் கேட்கும் மொழியிலோ இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, கம்பெனி ஊழியர் அல்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்க வேண்டும். கடன் முடிந்தால் அன்றைக்கே, அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள் நகை திரும்பப் போக வேண்டும். ஏலம் போட்டால் ரிசர்வ் விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் தோற்றால் மட்டும் 85. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஆபரேஷன்ஸ், பிரிண்டிங், ஆடிட், ஐ.டி. என்று யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

செய்யாவிட்டால் என்ன? நம் தவறால் நகை தாமதமானால் வாடிக்கையாளருக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய். இதை சி.எஃப்.ஓ.விடம் எப்படிச் சொல்வீர்கள்? ‘ஒரு பாக்கெட் பத்து நாள் தாமதமானால் 50,000’ என்று சொல்லுங்கள். பிரிவு எண்ணைக் கேட்டு எந்த சி.எஃப்.ஓ.வும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. ரூபாயைக் கேட்டால் நிமிர்வார்.

கூடவே, நவம்பர் 28 தொகுப்புக்குப் பிறகு பழைய சர்குலர் எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள். உங்கள் பாலிசி டாக்குமென்ட்களில் உள்ள ஒவ்வொரு ரிசர்வ் வங்கிக் குறிப்பையும் புது டைரக்‌ஷனோடு ஒத்துப்பாருங்கள். சலிப்பான வேலைதான். யாரும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் செய்தவர் தனியாகத் தெரிவார்.

4. டெல்லியில் உட்கார்ந்து எழுதும் நோட்டில் தமிழ்நாடு இருக்காது

லேபர் கோடுகளைப் பற்றி எல்லோரும் பேசுவது ஒரே பட்டியல். மொத்தச் சம்பளத்தில் அலவன்ஸ்கள் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ‘வேஜஸ்’ கணக்கில் சேரும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கி தீர்க்கப்பட வேண்டும். ஃபிக்ஸட் டெர்ம் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. இவை உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும், ஆனால் இதனால் மட்டும் நீங்கள் தனித்துத் தெரிய மாட்டீர்கள்.

தனித்துத் தெரிய வைப்பது மாநிலச் சட்டங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தை வடக்கிலிருந்து வரும் ஆலோசகர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஃபிக்ஸட் டெர்ம் வேலையை மத்தியக் கோடு அனுமதிக்கும் நேரத்தில், இந்த மாநிலச் சட்டம் எங்கே நிற்கிறது? எச்.ஆர். தலைவர் கேட்பதற்கு முன்பே வெளி வக்கீலிடம் எழுத்தில் அபிப்பிராயம் வாங்கி வைத்திருங்கள். கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தரச் சொல்லும் 2021-ம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்று. ஜவுளி, நகை ரீடெய்ல் கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறீர்களா? போகும் வழியில் அவர்கள் ஷோரூமுக்குள் ஒரு முறை நுழைந்து நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இன்டர்வியூவில் பேச விஷயம் கிடைத்துவிடும்.

தொழில் வரி இங்கே அரையாண்டுக்கு ஒரு முறை, உள்ளாட்சிக்கு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. காரைக்குடியில் யூனிட் இருந்தால் பதிவுகளில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆடிட்டில் சின்ன விஷயங்கள்தான் முதலில் வரும்.

5. பெட்டகத்தில் இருக்கும் காகிதப் பங்குகள்

குடும்பக் கம்பெனியில் வேலை என்றால் இதைப் படிக்காமல் போகாதீர்கள். பிரைவேட் கம்பெனிகள் பங்குகளை டீமேட் வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2023 அக்டோபரில் 9-பி விதி வந்தது. நீட்டிக்கப்பட்ட கெடு 2025 ஜூன் 30. விலக்கு சிறு கம்பெனிகளுக்கு. டிசம்பர் 1-ல் அந்த வரம்பு செலுத்திய மூலதனம் 10 கோடி, விற்றுமுதல் 100 கோடி என்று உயர்ந்தது. முன்பு 4 கோடியும் 40 கோடியும்.

‘அப்போ நமக்கு டீமேட் வேண்டாமே தம்பி?’ என்பார் முதலாளி. தலையாட்டிவிடாதீர்கள். ஹோல்டிங் கம்பெனியோ சப்சிடியரியோ எவ்வளவு சின்னதானாலும் ‘சிறு கம்பெனி’ ஆகாது. பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் முதலீட்டுக் கம்பெனிகள் பல இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன. ஏற்கெனவே விதிக்குள் வந்துவிட்ட கம்பெனி, வரம்பு உயர்ந்ததால் வெளியே போய்விடுமா என்பது தனிக் கேள்வி. அதை நீங்களே எழுப்பி, கம்பெனி செக்ரட்டரியோடு உட்கார்ந்து பதில் தேடுங்கள். நடைமுறையில் சிக்கல் வேறு மாதிரி வரும். சர்டிஃபிகேட் தேவகோட்டை வீட்டுப் பெட்டகத்தில், அதுவும் காலமான ஐயா பெயரில், வாரிசாக ஆச்சி ஒருவர், மகள்கள் இருவர் சிங்கப்பூரில். ஊருக்குப் போய் ஆச்சியிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசிக் கையெழுத்து வாங்கும் திறமை எந்த லா ஸ்கூலிலும் சொல்லித் தரப்படுவதில்லை. உங்களுக்கு அது வரும்.

மகள்களின் இடத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தமிழ்நாடு 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்துவிட்டது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதற்கும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் முருகப்பா குழுமத்தின் ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில், மறைந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம் டைரக்டர் பதவி கேட்டார். 91 சதவீதத்துக்கு மேல் எதிர் ஓட்டு. விஷயம் கம்பெனி லா தீர்ப்பாயத்துக்குப் போனது. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் அறிவிக்கப்பட்டது. பங்கு இருப்பதால் மட்டும் போர்டில் நாற்காலி கிடைத்துவிடாது, டைரக்டரை ஓட்டுதான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் ஒடுக்கப்படும் சிறுபான்மைப் பங்குதாரர் தீர்ப்பாயத்துக்குப் போகக் கம்பெனிகள் சட்டத்தின் 241-வது பிரிவு இருக்கிறது. குடும்பக் கம்பெனியின் வக்கீல் இரண்டையும் தலைமுறை மாறுவதற்கு முன்பே மேஜையில் வைக்க வேண்டும். யார் பக்கம் என்று கேட்டால், கம்பெனி பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு பங்காளிக்கு வேண்டியவர் என்று பெயர் வந்த நாளில் அந்த வேலையில் உங்கள் எதிர்காலம் முடிந்தது.

6. ஆத்தங்குடி பில்லும் 45 நாளும்

ஹோட்டல் குழுமம் ஒன்று ஆத்தங்குடி டைல்ஸ் வாங்குகிறது. தயாரிப்பவர் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம். ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் போக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரியிலும் அந்தச் செலவு பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிவாகும். 43-பி பிரிவின் எச் உட்பிரிவு என்று எல்லோரும் மனப்பாடம் செய்த எண், 2026 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் மாறுகிறது. டெம்ப்ளேட்டைத் திருத்துங்கள். 45 நாளைத் தாண்டிய பாக்கி இருந்தால், அக்டோபர் 31, ஏப்ரல் 30 இரண்டு தேதிகளுக்குள்ளும் கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்.எஸ்.எம்.இ.-1 படிவம் போக வேண்டும்.

அதே ஹோட்டல் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்குத் தூண் வாங்கினால், கடைக்காரர் வியாபாரி, தயாரிப்பாளர் இல்லை. இந்த 45 நாள் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டுக் கிளைக்கு அலங்காரமாக அனுப்பும் யோசனை இருந்தால் பர்ச்சேஸ் ஆர்டர் போடும் முன்பே தடுத்துவிடுங்கள்.

7. போட்டியாளர் யார்?

வெளியில் தேடாதீர்கள். பக்கத்து கேபினில் உள்ள கம்பெனி செக்ரட்டரியும் சி.ஏ.வும்தான். கம்ப்ளையன்ஸ் காலண்டரை அவர்கள் கையில் விட்டுவிட்டால் நீங்கள் ஒப்பந்தம் திருத்தும் ஆளாகவே ஓய்வு பெறுவீர்கள். காலண்டரை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். லிஸ்டட் கம்பெனியானால் போர்டு முடிவு 30 நிமிடத்தில் (சந்தை நேரம் முடிந்த பிறகு கூட்டம் முடிந்தால் 3 மணி நேரத்தில்), உள்ளிருந்து வரும் மற்ற முக்கியச் செய்திகள் 12 மணி நேரத்தில், வெளியிலிருந்து வருபவை 24 மணி நேரத்தில் எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுப்பவராக இருங்கள்.

உங்கள் நோட்டால் தவிர்க்கப்பட்ட அபராதம், முன்கூட்டித் தீர்ந்த நோட்டீஸ், மிச்சமான வெளி வக்கீல் ஃபீஸ், எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். மார்ச் மாத அப்ரைசலில் ‘நன்றாக உழைத்தேன்’ என்பதற்கு ஹைக் கிடைக்காது. எண்ணுக்குக் கிடைக்கும். தள்ளிப்போட்டால் மேலதிகாரி அந்தப் பெருமையைத் தன் ஸ்லைடில் போட்டுக்கொள்வார், அவர் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள், விண்ணப்பிக்கும் கம்பெனியின் தொழிலைத் தொடும் ஒரு புதிய விதியை எடுத்து, மேலே சொன்ன நான்கு பகுதிகளில் ஒரு பக்க நோட் எழுதி ரெஸ்யூமேயோடு இணைத்து அனுப்புங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் தரவுப் பாதுகாப்பு நோட்டீஸைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். 2027 மே மாதத்துக்குள் அது எல்லாக் கம்பெனிகளுக்கும் தேவைப்படும். இந்த வாரமே எழுத உட்காருங்கள்.